தேத்தண்ணிக் கோப்பையளவு குளம்

ஆலையடிவேம்பில், அக்கா வீட்டு முன் யன்னலில் அந்த மின்குமிழ் தொங்கிக்கொண்டிருந்தது. எரிந்துபோன பழைய 100 வாட் குமிழ். அடிமூடியை நோண்டி எடுத்து, உள்ளிருந்த இழையையும் கண்ணாடித் தண்டையும் உடைத்துக் கொட்டி, கழுவித் துடைத்துத் தண்ணீர் நிரப்பி, கழுத்தில் செப்புக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தான் மருமகன். அடியில் ஒரு சிட்டிகை ஆற்றுமணல், ஒரு பாசித் துண்டு. நடுவில் ஒரே ஒரு கப்பி மீன். காலை வெயில் பட்டபோது அதன் செம்மஞ்சள் வால் குமிழ் முழுவதும் விரிந்து தெரிந்தது. உருண்டைக் கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்தால் அதுவே ஓர் உருப்பெருக்கிதானே.

"மாமா, இஞ்ச பாருங்க. மேல வந்து வந்து வாயத் திறக்குது. பசி போல."

சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னார்: "அது பசியில்ல மனே. மூச்சு முட்டுது. கொண்டுபோய்க் கிணத்தடித் தொட்டியில விட்டிரு."

விட்டான். மீன் பிழைத்துக்கொண்டது. வெறுங்குமிழைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகம் வாடி நின்றதுதான் என் தேடலின் தொடக்கம். வீட்டில் கழித்துப் போட்ட ஒரு பொருளுக்குள் குளத்தைக் கொண்டுவரலாம் என்ற ஆசை யாருக்கு முதலில் வந்தது? வந்தவரின் மீன் பிழைத்ததா?

அவனைக் கேட்டால் கைப்பேசியைக் காட்டினான். மின்குமிழ், சோடாப் போத்தல், பழைய ரீவி, கணினிப் பெட்டி என்று எல்லாவற்றிலும் மீன் நீந்தும் காணொளிகள். அந்த வரிசையைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் அமெரிக்காவில் ஓரிடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. 1980களில் விற்ற முதற்கால மக்கின்டோஷ் கணினிகள் சில ஆண்டுகளிலேயே பழசாகிவிட்டன. 9 அங்குலத் திரை கொண்ட அந்தச் சின்னப் பெட்டியைக் குப்பையில் போட மனம் வராத ஆண்டி இனாட்கோ என்ற எழுத்தாளர், அதன் உள்ளுறுப்புகளைக் கழற்றிவிட்டு, கோதுக்குள் அளவாக ஒரு கண்ணாடித் தொட்டியைப் பொருத்தும் முறையை 1990களின் தொடக்கத்தில் எழுதிப் பரப்பினார். அதற்கு 'மக்குவேரியம்' என்று பெயரும் வைத்தார். இன்றைய ரீவித் தொட்டிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று: மீனின் வீடு கணினி அன்று. உள்ளே ஒழுங்கான ஒரு தொட்டி இருந்தது. கணினி அதற்குச் சட்டை மட்டுமே.

தொலைக்காட்சி நம் நாட்டுக்கு வந்தது 1979இல். படக்குழாய் வைத்த அந்தக் கனத்த பெட்டிகள் இப்போது எந்தத் திருத்தும் கடைக்குப் போனாலும் மூலையில் அடுக்கிக் கிடக்கின்றன. அக்கரைப்பற்றில் அப்படி ஒரு கடையில் 21 அங்குலப் பெட்டி ஒன்றைக் கேட்டேன். கடைக்காரக் காக்கா சல்லி வாங்கவில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: "தம்பி, கோத மட்டும் கொண்டுபோங்க. ரியூப நான் கழட்டித் தாறன். நீங்க கை வைக்கப்படாது." அந்தக் குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, உள்ளே வெற்றிடம். தவறி உடைந்தால் துண்டுகள் சிதறிப் பாயும். மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகும் உயர் அழுத்த மின்னூட்டம் அதில் தங்கியிருக்கும். மருமகனின் குமிழ் வேலையிலும் எனக்கு நெஞ்சு பதறியது இதற்காகத்தான். அவன் எடுத்தது நல்லவேளையாக இழைக் குமிழ். சுருள் குமிழையோ ரியூப் லைற்றையோ எடுத்திருந்தால் அதற்குள் இருப்பது பாதரசம். அவற்றை எக்காரணம் கொண்டும் உடைக்கக் கூடாது.

தேடலின் நடுமையம் லண்டன். ஆண்டு 1849, மே மாதம். மருந்தாளர் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளராக இருந்த ராபர்ட் வாரிங்டன், அங்கே புழங்கிய 12 கலன், அதாவது ஏறக்குறைய 54 லீற்றர் கொள்ளும் ஒரு கண்ணாடிக் கலத்தை எடுத்தார். மீனுக்காகச் செய்த கலம் அன்று அது. அதில் பாதியளவுக்கு ஊற்றுநீரை விட்டார். அடியில் மணல், சேறு, சில கற்கள். நாடாபோல் நீண்ட இலை கொண்ட வலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியைச் சேற்றில் ஊன்றினார். இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். தூசி விழாமல் மேலே மெல்லிய துணி கட்டினார்.

செடி வெளிச்சத்தில் உயிர்வளியை விடுகிறது என்பது 1770களிலேயே தெரிந்த செய்தி. மீன் வெளிவிடுவதைச் செடி எடுக்கும், செடி விடுவதை மீன் எடுக்கும், ஆகவே தண்ணீரை மாற்றாமலே இரண்டும் வாழும் என்பது அவருடைய கணக்கு. தொடக்கத்தில் சரியாகத்தான் போனது. பிறகு செடியின் பழைய இலைகள் அழுகின, தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சை வழும்பு படர்ந்தது. கணக்கில் ஏதோ ஒன்று குறைகிறது என்று யோசித்த வாரிங்டன், குளங்களில் இந்த அழுகலை யார் தின்கிறார்கள் என்று பார்த்தார். நத்தை! ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகிய இலையையும் வழும்பையும் மேய்ந்து தீர்த்தன. நத்தைகளின் முட்டைகள் மீனுக்கு இரையாயின. தண்ணீர் தெளிந்தது. 1850 மார்ச்சில் இதைக் கட்டுரையாக வாசித்தார். வீட்டுக்குள் வைக்கும் மீன்தொட்டியின் பிறப்புச் சான்றிதழ் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால், நான் இந்த நத்தைக் கட்டுரையைத்தான் சொல்வேன். பேரறிஞர்கள் பலர் செடியையும் மீனையும் கண்டார்கள். அழுகலைத் தின்னும் எளிய உயிரைக் கணக்கில் சேர்த்தவர் அவர்.

அவருக்கு முன்னோடிகள் உண்டு. பிரான்சில் ஒரு சப்பாத்துத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த ஜான் வில்பிரோ பவர், சிசிலித் தீவில் 1832இல் கண்ணாடித் தொட்டிகள் அமைத்து ஆர்கோநாட் என்ற கணவாயினத்தை வளர்த்தார். அதன் ஓட்டை அதுவே செய்துகொள்கிறது என்று நிறுவினார். லண்டன் வைத்தியர் நதானியல் வார்ட், 1829இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை மூடிய போத்தலில் ஈரமண்ணோடு வைத்தபோது, எதிர்பாராமல் அதில் பன்னச் செடி ஒன்று முளைத்தது. அந்தப் போத்தலில் இருந்துதான், கப்பலில் நாடு நாடாகச் செடிகளை உயிரோடு கொண்டுபோன கண்ணாடிப் பெட்டிகள் வந்தன. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் மனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் தன் புத்தகத்துக்கு 'அக்குவேரியம்' என்று பெயரிட்டார். அந்தச் சொல் நிலைத்துவிட்டது.

வாரிங்டனின் கலத்தோடு நம் குமிழை வைத்துப் பார்த்தேன். குமிழின் குறுக்களவு 6 சென்ரிமீற்றர். உருண்டைப் பகுதி கொள்வது 113 மில்லிலீற்றர். ஒரு தேத்தண்ணிக் கோப்பைகூட நிறையாது. அவருடைய கலத்தில் ஒரு மீனுக்கு 13 லீற்றருக்கு மேல் கிடைத்தது. அதோடு, குமிழில் காற்று நுழையும் வாய் 22 மில்லிமீற்றர்தான். நம் ஒரு ரூபாய்க் காசளவு என்று வையுங்கள். லண்டன் குளிர், அக்கரைப்பற்று வெயில் என்ற வேறுபாடும் உண்டு. 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நன்னீர் 9 மில்லிகிராம் உயிர்வளியைப் பிடித்து வைக்கும். 30 பாகையில் ஏழரைதான். அம்மாவுக்கு இந்த எண்கள் தெரியாது. மீனின் வாயைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

இவ்வளவு தூரம் போய்வந்த பிறகுதான், சிறு தண்ணீரில் உயிர் தாங்கும் வித்தையை நம் வயல் மீன்கள் எப்போதோ கற்றுவிட்டன என்பது உறைத்தது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றி எழுதியவர் என்று பலருக்கும் தெரியும். அவரே கிழக்கு மாகாணத்து மீன்களைப் பற்றி வேறொன்றும் பதிந்திருக்கிறார். கோடையில் வற்றிப்போன குளத்தில் ஊரவர்கள் மண்வெட்டியோடு இறங்கி மீன் வெட்டி எடுத்ததை, இந்த மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர் ஒருவர் நேரில் கண்டிருக்கிறார். அப்படிக் கண்ட இடங்களில் ஒன்று வெருகல் ஆற்றங்கரை. ஈரக் களிமண் கட்டி உடைந்து விழ, ஓரடி நீளமான மீன்கள் வெயிலில் துள்ளினவாம்.

பனையேறி, விரால் போன்றவை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. பனையேறியின் செவுளுக்கு மேல் மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து காற்றை விழுங்கி அதனாலேயே மூச்சுவிடும். பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒன்றைத் தரங்கம்பாடியில் பிடித்ததாக டால்டோர்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி எழுதிய குறிப்பு 1797இல் லண்டனில் அச்சானது. கடைகளில் சின்னக் கண்ணாடிப் போத்தலில் தனியாக விற்கப்படும் 'ஃபைட்டர்' மீன் தாய்லாந்துக்காரர். அவருக்கும் இதே காற்றுறுப்பு உண்டு. அதனால்தான் போத்தலில் உயிரோடு நிற்கிறார். அதைப் பார்த்து, சிறு போத்தலே போதும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். நிற்பது வேறு, வாழ்வது வேறு. காற்றுறுப்பு மூச்சுக்குத்தான் உதவும். மீன் செவுள் வழியே வெளிவிடும் அமோனியா அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே தேங்கி, அதன் செவுளையே அரிக்கும்.

அந்த அமோனியாவைத் தின்று, நைத்திரைற்றாக்கி, பின் நைத்திரேற்றாக்கும் நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வாரிங்டனுக்கும் தெரிந்திராத பங்காளிகள் இவர்கள். தொட்டி செய்த அன்றே மீனை விடுகிறவர்களின் மீன் ஒரு கிழமைக்குள் செத்து மிதப்பதற்குப் பெரும்பாலும் காரணம், இவர்கள் வந்துசேர நேரம் கொடுக்காததுதான்.

காக்கா தந்த ரீவிக் கோதுக்குள் அளவெடுத்தோம். 45 சென்ரிமீற்றர் நீளம், 25 அகலம், 30 உயரம். 5 மில்லிமீற்றர் கண்ணாடியைக் கடையில் வெட்டுவித்து, சுத்தமான சிலிக்கன் பசையால் ஒட்டினோம். 1960கள் வரை இரும்புச் சட்டமும் புட்டியும் இல்லாமல் தொட்டி இல்லை. வெறும் கண்ணாடியை வீட்டிலேயே ஒட்டும் வசதி இந்தப் பசை தந்தது. பூஞ்சணக் கொல்லி கலந்த குளியலறைப் பசை மீனுக்கு நஞ்சு. டப்பாவில் எழுதியிருப்பதை வாசித்து வாங்க வேண்டும். ஒட்டும்போது வினாகிரி மணம் வரும். அது முற்றாகப் போகும்வரை காயவிட்டு, முற்றத்தில் இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்தோம். ஒரு மூலை கசிந்தது. வடித்து, சுரண்டி, மீண்டும் ஒட்டினோம். நிறைந்த தொட்டி 30 கிலோவைத் தாண்டும் என்பதால் பழைய ரீவி மேசையை நம்பாமல் சீமெந்துத் திண்ணையில் வைத்தோம். பைப் தண்ணீரை வாளியில் ஒருநாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றினோம். சவர்க்காரம் கிட்டவும் போகவில்லை.

மணல் போட்டு, பாசி நட்டு, கிணற்றடித் தொட்டியில் இருந்து நத்தைகளும் அதன் அடிமண் ஒரு பிடியும் சேர்த்தோம். 24 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. பெருக்கிப் பார்த்தேன்: 27 லீற்றர். வாரிங்டன் தன் கலத்தில் விட்டதும் ஏறக்குறைய அவ்வளவே. மருமகன் நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு ஐந்து கிழமை காத்திருந்தான். அவன் வயதில் அது சின்னக் காரியம் அன்று. பிறகு மூன்று கப்பி, மூன்றும் ஆண். பெண்ணும் சேர்ந்தால் மாதத்துக்கொரு முறை குஞ்சு போட்டுத் தொட்டியை நிறைத்துவிடும். கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை எடுத்துத் தென்னங்கன்றுக்கு ஊற்றுகிறான். மீன்கள் இப்போது நடுத் தண்ணீரில் நீந்துகின்றன. மேலே வந்து வாயைத் திறப்பதில்லை.

அந்த மின்குமிழும் யன்னலில்தான் இருக்கிறது. கொஞ்சம் மண்ணும் கிணற்றுக்கட்டுப் பாசியும் ஒரு சின்னப் பன்னமும் அதற்குள் பச்சையாக நிற்கின்றன. வார்ட்டின் போத்தலில் முளைத்ததும் பன்னம்தானே. கோப்பையளவு கண்ணாடிக்குள் மீன் வைக்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம், செடி வையுங்கள் என்பதே என் பதில்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தொட்டி அலுத்துப்போனால், மீன் பெருத்துப்போனால், அதைச் சாகாமக் குளத்திலோ தில்லையாற்றிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அழகுப் பூவென்று 1905இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த ஆற்றுவாழைதான் இன்று கல்முனை கிட்டங்கித் தாம்போதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தொட்டி துப்புரவாக்க வாங்கிய 'டேங்க் கிளீனர்' மீன் இலங்கையின் குளங்களில் பெருகி, மீனவர் வலைகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. வளர்க்க முடியாத மீனை வளர்க்கக்கூடிய இன்னொருவரிடம் கொடுங்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தாலும் சரி. கப்பியாக இருந்தால் எங்கள் வீட்டுக் கிணற்றடித் தொட்டியில் இடம் இருக்கிறது.