பித்தளைச் சுரண்டி

எங்கள் வீட்டு மாடத்தில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. ஒரு சாண் நீளம். ஒரு முனை தீட்டியது. பழைய பாத்திரக்காரன் அதற்கு ஒரு காபிக் காசுகூடத் தரமாட்டான். ஆனால் அது கற்பித்த பாடத்துக்கு நாங்கள் கொடுத்த விலை, அம்மாவின் தோடு!

1974-ஆம் வருஷம். வேங்கிக்கால் ஏரிப் பக்கம் எங்கள் கிணறு. அதில் ஐந்து குதிரைச் சக்தி ஆயில் எஞ்சின். மல்லாட்டை காய் பிடிக்கிற சமயம் பார்த்து ஹெட் பாக்கிங் போய்விட்டது. புதிது வாங்க அப்பா திருவண்ணாமலைக்குப் போனார். அதுவரை நான் சும்மா இருக்கலாமா? ஹெட்டைக் கழற்றினேன். ஒட்டியிருந்த பழைய பாக்கிங்கை உளியால் பெயர்த்தேன். பிறகு உப்புத்தாளைப் போட்டு, முகம் பார்க்கலாம் போல ஆகும்வரை தேய்த்தேன்.

"பரவாயில்லையே!" என்றார் அப்பா.

எஞ்சின் ஓடியது. பத்தே நாள்! நீலப் புகை கக்கியது, இழுவை குறைந்தது, ஒரு நாள் கிளம்பவே மறுத்துவிட்டது.

மெக்கானிக் பெரியவர் வந்து பிரித்தார். சிலிண்டர் சுவரில் நெடுகக் கீறல்கள்.

"உப்புத்தாள் போட்டியா தம்பி?"

நான் பேசவில்லை.

"அந்தத் தூள் இரும்பைவிடக் கெட்டி. எண்ணெயோட கலந்து உள்ளேயே அரம் போட்டிருக்குது. லைனர், ரிங் எல்லாம் மாத்தணும்."

அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் தோட்டைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள். ஒரு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

லைனர் வந்ததும் பெரியவர் என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். பிஸ்டனை மேலே ஏற்றி, ஓரத்தைச் சுற்றிக் கிரீஸ் தடவினார். விழுகிற தூசி அதில் ஒட்டிக்கொள்ளுமாம். தண்ணீர் ஓட்டைகளைத் துணியால் அடைத்தார். மிச்சப் பாக்கிங்கை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, பித்தளைத் தகட்டைப் படுக்கவைத்துச் சுரண்டினார். கடைசியில் கிரீஸைத் தூசியோடு வழித்தெடுத்தார்.

"பித்தளை தேயும், வார்ப்பிரும்பைக் கீறாது. பளபளப்பு எதுக்கு? மட்டமா இருந்தா போதும்" என்று சொல்லித் தகட்டை என் கையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

தோடு அடுத்த வருஷம் மீண்டது. அந்தப் பருவத்து மல்லாட்டையோ பாதிக்கு மேல் பொக்கு!

இன்று வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸே இருக்கிறது. எங்கள் கிணற்றில் மின்சார மோட்டார். போன மாதம் பேரன் தன் மோட்டார் சைக்கிளைப் பிரித்தான். பெருமையோடு தகட்டை நீட்டினேன்.

"வேண்டாம் தாத்தா. இது அலுமினியம். பித்தளைகூடக் கீறிடும்" என்று பிளாஸ்டிக் சுரண்டியை எடுத்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. பெரியவர் சொன்ன பாடம்தானே அதுவும்!