பின்னர் வந்த பெயர்

பாயான் லெப்பாஸ் என்றவுடன் பினாங்கு மக்களின் நினைவுக்கு வருவன இரண்டு: ஒன்று விமான நிலையம், மற்றொன்று தொழிற்சாலைகள். 1972ஆம் ஆண்டில் அங்குத் தடையற்ற வாணிக வட்டாரம் தொடங்கப்பெற்றது. இன்டெல் நிறுவனம் அவ்வாண்டிலேயே வந்தமைந்தது. கணினியின் உள்ளுறுப்புகளை உலகுக்கு அனுப்பும் ஊர் அது. ஆயினும், கணினித் திரையில் ஒரு சிறுவனின் பெயர் வாய்திறவாமல் நின்றபோது, அவ்வூர்த் தமிழாசிரியை ஒருவர் செய்வதறியாது திகைத்தார்.

அத்தொழிற்சாலைகளுள் ஒன்றில் பணியாற்றும் இளைஞர் ஒருவர், தம் பழைய ஆசிரியை கேட்டுக்கொண்டதற்கிணங்க, வருகைப் பதிவேட்டைத் திரையில் அமைத்துக் கொடுத்திருந்தார். மாணவர் இருபத்தெண்மர். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு பொத்தான். அதில் 'வரவில்லை' என்று இருக்கும். அழுத்தினால் 'வந்தார்' என மாறும்; மீண்டும் அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும். பிற்பாடு சேரும் மாணவரின் பெயர்களைச் சேமிப்பிலிருந்து எடுத்துப் பட்டியலின் அடியில் சேர்க்கவும் வழி செய்திருந்தார். பல வாரங்கள் யாதொரு குறையுமில்லை.

ஆண்டின் நடுவே, கெடா மாநிலத்திலிருந்து சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். ஆசிரியை அவன் பெயரைப் பதிந்தார். பட்டியலில் இருபத்தொன்பதாவதாக அது தோன்றியது. ஆனால், அதன் பொத்தான் எத்தனை முறை அழுத்தினும் அசையவில்லை. முதல் வரிசையில் அமர்ந்து நாள்தோறும் பாடம் கேட்ட பிள்ளை, பதிவேட்டில் மூன்று நாள் வராதவனானான். அலுவலகத்தில் அவன் தந்தைக்கு எச்சரிக்கைக் கடிதமும் தயாராயிற்று.

"தம்பி, பெயர் இருக்கிறது, அழுத்தினால்தான் ஒன்றும் நடக்கவில்லை" என்றார் ஆசிரியை.

"இன்று மாலை வந்து பார்க்கிறேன், டீச்சர்" என்றார் இளைஞர்.

காரணம் எளிது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட அந்நிரல், பக்கம் திறந்தவுடன் அங்கிருந்த பொத்தான்களை ஒருமுறை திரட்டி, 'அழுத்தினால் மாறு' என ஒவ்வொன்றன் காதிலும் சொல்லிவைத்தது. பள்ளி திறந்த முதல் நாளில் ஆசிரியர் சொன்ன வகுப்பு விதிகளைப் பின்னர் வந்த மாணவன் எங்ஙனம் அறிவான்? அவன் குற்றமன்று அது. திரட்டும்போது இல்லாத பொத்தானுக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை.

இளைஞர் முதலில் செய்த திருத்தம் நோயினும் கொடிதாயிற்று. புதுப்பெயர் சேர்ந்தவுடன் எல்லாப் பொத்தான்களுக்கும் மறுபடி ஒருமுறை சொல்லும்படி செய்தார். சிறுவனின் பொத்தான் உயிர் பெற்றது. ஆனால், ஏனைய இருபத்தெட்டும் ஒரே கட்டளையை இருமுறை பெற்றுவிட்டன. ஒரு முறை அழுத்தியதும் 'வந்தார்' என மாறி, அக்கணமே 'வரவில்லை' என மீண்டன. வகுப்பே வராததாயிற்று! பட்டியலை முழுதும் மீட்டெழுதிப் புதுப்பெயரை ஒட்டும் குறுக்குவழியும் உண்டு. அதில் பழைய பொத்தான்கள் அழிந்து அதே உருவில் புதியன முளைக்கும். முன்பு சொல்லியவை யாவும் அவற்றோடு மறையும்.

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்குப் பழக்கமான ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். 'வீடு' என்பது 'வீட்டில்' என்றாகும். 'ஆறு' என்பது 'ஆற்றில்' என்றாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் 'ரோடு' என்னும் சொல்லைக் கேட்டவரல்லர். ஆயினும் அச்சொல் தமிழர் வாயில் புகுந்தவுடன், எவரும் கற்பிக்காமலே 'ரோட்டில்' என்றாயிற்று. அவர் சொற்களை ஒவ்வொன்றாக அழைத்து விதி சொல்லவில்லை. நெடிலைத் தொடரும் குற்றியலுகரம் என்னும் இடத்துக்கு விதி செய்தார். பின்னர் வந்த சொல் அவ்விடத்தில் வந்து நின்றது. விதி அதனையும் தழுவிக்கொண்டது.

கணினித் திரையிலும் அவ்வாறு செய்ய இயலும். ஒரு பொத்தானை அழுத்தினால் அச்செய்தி அதனோடு நின்றுவிடுவதில்லை. பொத்தானிலிருந்து அதனைத் தாங்கும் வரிக்கும், வரியிலிருந்து பட்டியலுக்கும், பட்டியலிலிருந்து பக்கம் முழுமைக்கும் நீர்க்குமிழிபோல் மேலெழுகிறது. ஆகவே, பக்கம் திறந்தபோதே இருக்கின்ற பட்டியலிடம் ஒரே ஒரு கட்டளை சொல்லிவைத்தாற் போதும். செய்தி வந்ததும், 'எப்பொத்தானிலிருந்து புறப்பட்டாய்?' என அது வினவி, உரிய பெயரை மட்டும் மாற்றும். பெயர் நேற்று வந்ததா, இன்று வந்ததா என்பது அதற்கு ஒரு பொருட்டன்று.

பிரண்டன் ஐக் என்பார் 1995இல் இம்மொழியை ஆக்கினார். முதல் வடிவத்துக்குப் பத்து நாள்களே ஆயின என்பர். செய்தி மேலெழும் முறையை 2000ஆம் ஆண்டின் பொது விதிகள் வரையறுத்தன. எனினும் நிரலாளர் பலர் இவ்விடத்தில் இடறினர். ஜேக்வெரி என்னும் துணைத் தொகுப்பு, பின்னர் வரும் உறுப்புகளுக்காகவே 2009இல் 'லைவ்' என்றொரு வழியைத் தந்தது. அது எல்லாச் செய்தியையும் பக்கத்தின் உச்சிவரை ஏறவிட்டமையால் குறைகள் தோன்றின. 2011இல் வந்த 'ஆன்' அதன் இடத்தைப் பிடித்தது. பட்டியலுக்குரிய செய்தியைப் பட்டியலிலேயே கேட்பதுதான் முறை. வகுப்புப் பூசலுக்குக் கல்வி அமைச்சு வரை போவாருண்டோ?

எல்லாச் செய்தியும் மேலெழுவதில்லை என்பதையும் மறத்தலாகாது. எழுதும் கட்டத்துக்குள் குறி புகுவதை அறிவிக்கும் 'ஃபோக்கஸ்' மேலெழாது. அதற்கு 'ஃபோக்கஸ்இன்' என்பதை நாடவேண்டும். பொத்தானுக்குள் சிறு படம் இருப்பின், புறப்பட்ட இடம் படம் என்றே தெரியவரும். அதனைச் சூழ்ந்த பொத்தானைத் தேடி அறிதல் வேண்டும். இளைஞர் இப்பிழையையும் ஒரு மாலை முழுதும் செய்து பார்த்துத்தான் தெளிந்தார்.

மறுநாட் காலை ஆசிரியை இருபத்தொன்பதாம் பெயரை அழுத்தினார். 'வந்தார்' என்றது திரை. விடுபட்ட மூன்று நாள்களையும் அவர் திருத்தினார். கையெழுத்தாகாமலிருந்த கடிதத்தை வாங்கிக் கிழித்தார். அடுத்த மாதம் அவ்வகுப்பில் மேலும் இருவர் சேர்ந்தனர். இளைஞருக்கு அழைப்பு வரவில்லை.