இருக்கும் ஊரை ஒரு நாள் பார்த்தோம்

சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் இரண்டு குடும்பங்களும் தூனிசுக்குப் போவதாகத்தான் இருந்தோம். பலெர்மோத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போகக்கூடிய ஊர். அங்கே ஒரு வழிகாட்டியைத் தனியே அமர்த்திப் பழைய நகரத்தை ஒரு நாள் முழுவதும் சுற்றிப் பார்க்க வேண்டுமென்பது பிள்ளைகளின் ஆசை. மாதாமாதம் காசும் சேர்த்து வைத்தோம். ஆனால் எங்களில் ஒருவருடைய சோஜோர்னோ புதுப்பிக்கக் கொடுத்தபடியே கிடந்தது. ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் போக மனம் வரவில்லை. பயணம் நின்றது.

பல்லாரோச் சந்தையில் எங்களுக்கு மரக்கறி விற்கும் தூனிசியரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “அதற்குக் கப்பல் எதற்கு? எங்கள் ஆட்கள் இந்த ஊருக்கு வந்து ஆயிரத்து இருநூறு வருஷமாகப் போகிறது. இங்கேயே பாருங்கள்” என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, சேர்த்த காசில் ஒரு பகுதியைக் கொடுத்துப் பலெர்மோவிலேயே ஒரு வழிகாட்டியை ஒரு நாளுக்கு அமர்த்தினோம்.

இருக்கும் ஊரைப் பார்க்க வழிகாட்டியா என்று புதிதாக வந்திருக்கும் நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குவாத்ரோ கான்தி நாற்சந்தியில் அந்த அம்மையார் எங்களைச் சந்தித்தார். “இந்த ஊரில் எத்தனை வருஷம்?” என்று கேட்டார். பதினெட்டு என்றோம். “அப்படியானால் இந்த நான்கு மூலைகளிலும் நிற்பவர்கள் யாரென்று தெரியுமே?”

தெரியவில்லை. கீழே நான்கு பருவங்கள், நடுவில் ஸ்பானிய அரசர்கள் நால்வர், மேலே ஊரின் பெண் புனிதர்கள் நால்வர். விடியற்காலையில் வேலைவீட்டுக்கு ஓடும்போது எத்தனை ஆயிரம் தரம் அந்த இடத்தைக் கடந்திருப்போம். ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்ததில்லை. வேலைவீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், சந்தை, ஞாயிறுகளில் சாந்தா ரோசாலியா மலை, இவ்வளவுதான் எங்களுடைய பலெர்மோ.

அம்மையார் இத்தாலிய மொழியில் சொல்லிக்கொண்டு வந்தார். எங்களுக்கு வேலைவீட்டு இத்தாலியம் தெரியும், கொமூனேப் பத்திர இத்தாலியமும் ஓரளவு தெரியும். சரித்திர இத்தாலியம் தெரியாது. பிள்ளைகள்தான் தமிழிற் சொன்னார்கள். சிவப்பு நிறக் குவிமாடங்கள் கொண்ட சான் ஜொவான்னி தேவாலயத்தின் முன்னால், மகளுக்குச் சொல் வராமல் “கூரைக்கு மேலே பந்து” என்றாள். “குவிமாடம்” என்று சொல்லிக் கொடுத்தோம். அன்று எங்களுக்கு அவர்கள் ஊரைச் சொல்ல, அவர்களுக்கு நாங்கள் தமிழைச் சொன்னோம்.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இன்றைய தூனிசியப் பக்கத்திலிருந்து வந்த அரபுப் படை 831ஆம் ஆண்டு பலெர்மோவைப் பிடித்தது. தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சும் முறைகளும் எலுமிச்சையும் அவர்களோடு வந்தன. 1072இல் வடக்கிலிருந்து வந்த நோர்மானியர் ஊரைக் கைப்பற்றினார்கள். ஆனால் அரபுத் தொழிலாளரையும் எழுத்தரையும் வைத்துக்கொண்டார்கள். அரசன் இரண்டாம் ரொஜர் கட்டுவித்த அரண்மனைத் தேவாலயத்தில் சுவரெல்லாம் கிரேக்க முறைப்படி பொன்னிறக் கிறிஸ்துவும் புனிதர்களும். அண்ணாந்தால் மரக் கூரை முழுவதும் முஸ்லிம் ஓவியர்களின் வேலை. வாத்தியம் வாசிப்பவர்களும் சதுரங்கம் ஆடுபவர்களும் இருக்கிறார்கள். பேராலய வாசலில் குர்ஆன் வாசகம் பொறித்த தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. இந்தக் கட்டடங்களை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது.

அரண்மனை வாசலில் அம்மையார் ஒரு கடதாசிப் படத்தை விரித்தார். ரொஜர் அரசனுக்காக அல் இத்ரீசி என்ற அரபு அறிஞர் 1154இல் எழுதி முடித்த உலகப் புவியியல் நூலின் படம். தெற்கு மேலே இருப்பதால் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மகன்தான் படத்தைத் திருப்பி, கடலுக்குள் ஒரு பெரிய தீவைக் காட்டி, “இது நாங்களா?” என்று கேட்டான். சரந்தீப். எங்களுடைய இலங்கை.

அந்தத் தீவின் அரசனுக்குப் பதினாறு மந்திரிகள். நால்வர் அவனுடைய சமயத்தவர், நால்வர் கிறிஸ்தவர், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர் என்று இத்ரீசி எழுதியிருக்கிறாராம். எவ்வளவு உண்மையோ தெரியாது. அதைக் கேட்டதும் பெரியவர்களாகிய நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிள்ளைகளுக்கு அது புரியவில்லை.

மத்தியானம் பல்லாரோவில் பனெல்லே வாங்கிப் பாணுக்குள் வைத்துச் சாப்பிட்டோம். கடலைமாவில் பொரிக்கும் இதன் வாசத்துக்கு எங்கள் வீட்டுப் பலகாரம் நினைவுக்கு வரும். பிறகு சீசா மாளிகை. “அல் அசீசா” என்ற அரபுச் சொல்தான் சீசாவாயிற்று. மண்டபத்தின் நடுவே வாய்க்காலில் நீரை ஓடவிட்டுக் கோடையில் குளிர வைத்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு சிறிய கல் இருக்கிறது. கிரிசாந்தோ என்ற மதகுரு, 1148இல் இறந்த தன் தாய் அன்னாவுக்கு அடுத்த ஆண்டு வைத்த கல். இலத்தீன், கிரேக்கம், அரபு, ஹீப்ரு எழுத்து என்று நான்கு விதமாகவும் செய்தி பொறித்து, ஒவ்வொன்றிலும் அந்தந்த மக்களின் ஆண்டுக்கணக்கையே போட்டிருக்கிறான். காலியிற் கிடைத்த, தமிழும் சீனமும் பாரசீகமும் பொறித்த 1409ஆம் ஆண்டுக் கல் எங்களுக்கு நினைவு வந்தது.

எங்களில் ஒருவர் அந்தக் கல்லை விட்டு நகரவில்லை. அவருடைய அம்மா ஊரில் இறந்தபோது பத்திரம் கையில் இல்லாததால் அவராற் போக முடியவில்லை. எட்டுச் சடங்கை இங்கே ஒரு படத்துக்கு முன்னால் விளக்கேற்றி முடித்தோம். “ஊரிலே எல்லாச் சனமும் வாசிக்க வேணும் எண்டு நினைச்சிருக்கிறான், பாருங்கோ” என்று மட்டும் சொன்னார்.

இந்த ஒற்றுமை நிலைத்ததா என்று மகள் கேட்டாள். இல்லை என்று அம்மையார் ஒளிக்காமற் சொன்னார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் இத்தாலியப் பெருநிலத்திலுள்ள லூச்சேராவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1492இல் யூதரை வெளியேற்றும் கட்டளை பிறந்தது. கட்டடங்கள் நின்றுவிட்டன, கட்டியவர்களின் பிள்ளைகள் வெளியேற்றப்பட்டார்கள். இதைக் கேட்க எங்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

புதிய குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் செலவு குறையும். இத்தாலியில் வழிகாட்டிக்கு அனுமதி அட்டை உண்டு, கேட்டுப் பாருங்கள். எத்தனை மணித்தியாலம், நுழைவுச் சீட்டுக் காசு உள்ளடங்குமா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தேவாலயங்களுக்குள் தோளை மூடிப் போக வேண்டும். ஞாயிறு காலையில் பூசை நடக்குமென்பதால் நேரம் விசாரித்துப் போங்கள்.

மறுநாள் திங்கள் போல ஓட்டமில்லாத ஞாயிறு. மகன் குவாத்ரோ கான்தியில் எங்களை நிறுத்தி, நான்கு புனிதர்களின் பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டான். இரண்டு பெயர் சொன்னோம். மிச்சத்தை அவன் சொல்லித் தந்தான்.