கினபாலுவில் ஓர் இரவு

கினபாலு மலையில் தனியாக ஏற முடியாது. வழிகாட்டி இல்லாமல் திம்போஹோன் வாயிலைத் தாண்ட விடமாட்டார்கள். தோழிகள் இருவரும் கடைசி நேரத்தில் பின்வாங்கிய பிறகு, இந்த விதியைச் சொல்லித்தான் அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். “முன்பின் தெரியாத ஆளோடு போவதற்கு நீ தனியாகவே போகலாம்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வந்தவர் டூசுன் இனத்தவர், அப்பா வயதிருக்கும். ஆறு கிலோமீட்டர் ஏற்றத்தில் அதிகம் பேசவில்லை. நான் மூச்சிரைத்து நின்றபோதெல்லாம், காலணிக் கயிற்றைச் சரிசெய்வதுபோல் அவரும் நின்றார். தமிழ்ப்பள்ளியில் குறிஞ்சி நிலத்தை மனப்பாடமாக ஒப்புவித்தவள்தான் நான். ஆனால் அதுவரை ஏறிய மலை என்றால் பத்துமலையின் 272 படிகள். இரவு தங்கிய லாபான் ராத்தாவோ 3,272 மீட்டர்! முன்னால் சேர்ந்த அந்த மூன்று என்ன பாடு படுத்தியது என்று என் முழங்காலைத்தான் கேட்க வேண்டும்.

கூடாரமெல்லாம் இல்லை, விடுதியின் அடுக்குக் கட்டில்தான். இரவுணவின்போது அவரிடம் 2015 ஜூன் 5ஆம் நாள் நிலநடுக்கத்தைப் பற்றிக் கேட்டேன். பதினெட்டுப் பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் வழிகாட்டிகளும் அதில் அடக்கம். காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்களும் வழிகாட்டிகள்தாம். “பாக்சிக்கும் அன்று மேலே இருந்தீர்களா?” என்றேன் மலாயில். தலையசைத்தார். பிறகு தேநீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார்.

தலைவலியில் தூக்கம் வரவில்லை. அம்மாவின் ‘முன்பின் தெரியாத ஆள்’ விடியற்காலை இரண்டரைக்குக் கதவைத் தட்டினார். என் தலைவிளக்கை வாங்கி, எரிகிறதா என்று பார்த்தார். உச்சிக்கு இன்னும் 823 மீட்டர்.