ஊர்ப் பேரின் வால்

சித்திரை வெயிலில் பிறந்த ஊருக்குப் புறப்பட்டேன். துணைக்கு என் நாத்தனார் மகள் வந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியாக்காரர்கள் நடத்தும் கம்பெனியில் வேலை. அவர்கள் பாஷையும் கொஞ்சம் கற்றிருக்கிறாள்.

"அத்தை, அவங்க பாஷையிலயும் நம்ம மாதிரி வால்லதான் மரியாதை. 'கா'ன்னா போ. 'காயோ'ன்னா கொஞ்சம் மரியாதை. 'காசேயோ'ன்னா போங்க!" என்றாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா விகுதி நடத்தியபோது தூங்கி வழிந்தவள் நான். இப்போது விழித்துக்கொண்டேன்!

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பலகைகளை வாசிக்க ஆரம்பித்தாள். பாளையம்பட்டி, காரியாபட்டி, பந்தல்குடி, நரிக்குடி, பாலவநத்தம், கல்லூரணி... எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கிற இடம். சிற்றூருக்கும் அதுவே பேர். குடி, ஜனங்கள் குடியிருக்க வந்த இடம். நத்தம், வீடு கட்டிக்கொள்ள விட்ட நிலம். (உங்கள் வீட்டுப் பத்திரத்தில்கூட 'நத்தம் மனை' என்று இருக்கலாம், எடுத்துப் பாருங்கள்.) ஊருணியைத்தான் நாங்கள் ஊரணி என்போம். ஊரே உண்ணும் தண்ணீர் அது. செருப்புக் காலோடு கரையேறினால் எங்கள் அப்பத்தா விளக்குமாற்றைத் தூக்கிவிடுவாள்!

திருச்சுழிக்கு மட்டும் மரியாதை முன்னால் நிற்கிறது. பாடல் பெற்ற சிவன் கோயில் உள்ள ஊர். ரமண மகரிஷி 1879-ல் பிறந்ததும் இங்கேதான். கோயிலில் கும்பிட்டுவிட்டு, வேறு பஸ் பிடித்து எங்கள் ஊரில் இறங்கினோம்.

எங்கள் ஊர்ப் பேர் 'ஏந்தல்' என்று முடியும். மழைத் தண்ணீரை ஏந்தி வைக்கிற சின்னக் கண்மாய்க்கு அந்தப் பேர். இப்போது உள்ளே சீமைக்கருவேல்தான் நிற்கிறது. அதை ஒட்டின எங்கள் புஞ்சையில் புதிதாக ஒரு பலகை. பழைய பேர்தான்; ஏந்தலை வெட்டிவிட்டு 'நகர்' என்று ஒட்டியிருந்தார்கள்!

"ஏந்தல்னா பட்டிக்காடுன்னு நினைக்கிறாங்களாம். நகர்னாதான் பிளாட் விலை போகுமாம்க்கா" என்றான் தம்பி. விற்க என் கையெழுத்தும் வேண்டும். அவனுக்கும் இரண்டு பெண்கள். கஷ்டம் எனக்குத் தெரியாதா?

அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஐப்பசியில அடைமழை பேஞ்சா தண்ணி பலகையைப் பார்த்தாடா வரும்? அதுக்குத் தெரிஞ்ச இடத்துக்குத்தான் வரும். அங்க வீடு கட்டுறவ பச்சப்பிள்ளையைத் தூக்கிட்டு எங்கடா நிப்பா?" என்றாள்.

தம்பி பதில் பேசவில்லை. நானும் பேனாவை எடுக்கவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஐப்பசி வரட்டும், மழையைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.