பெகு மலைத் தேக்கு காரைக்குடிக்கு வந்த வழி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பித்தளைக் குடம், பீங்கான் ஜாடி, எனாமல் தட்டுகளுக்கு நடுவே, இடித்த செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த நிலைக்கதவுகளும் தூண்களும் சுவரில் சாய்ந்து நிற்கும். தூணை எங்காவது லேசாகச் சுரண்டினால் உள்ளே பொன்னிறம் தெரியும். வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, "பர்மாவா?" என்பதுதான்.

அந்த மரத்தின் சொந்த ஊர் இன்றைய மியான்மரில் உள்ள பெகு யோமா. ஐராவதி ஆற்றுக்கும் சிட்டாங் ஆற்றுக்கும் நடுவே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும், அதிக உயரமில்லாத மலைத்தொடர் அது. மூங்கிலும் தேக்கும் கலந்து வளரும் இலையுதிர் காடு.

அங்கே தேக்கை உடனே வெட்டிச் சாய்ப்பதில்லை. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வைரம் தெரியும்வரை வளையமாகச் செதுக்கி விட்டுவிடுவார்கள். மரம் நின்றபடியே செத்து இரண்டு மூன்று ஆண்டு காயும். காரணம் எளிது: பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும், காய்ந்தது மிதக்கும். ரோடு இல்லாத மலையில் மிதக்காத மரத்துக்கு விலை ஏது? காய்ந்த மரத்தை வெட்டி, யானையை வைத்து ஓடைக்கு இழுத்துப் போடுவார்கள். மழை பெய்து ஓடை பெருகினால் மரம் ஆற்றுக்கு இறங்கும். மழை பொய்த்தால் அடுத்த வருடம்வரை மணலில் கிடக்க வேண்டியதுதான். பெரிய ஆற்றில் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கும் மௌல்மேனுக்கும் கொண்டுவருவார்கள். அங்கிருந்து கப்பலில் இந்தியாவுக்கு.

1856-ல் பெகு காடுகளின் பொறுப்புக்கு வந்த ஜெர்மானியர் டீட்ரிச் பிராண்டிஸ், காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதி என்று சுழற்சி வைத்தார். நல்ல காட்டில் நெஞ்சளவு உயரத்தில் ஏழரை அடிச் சுற்றளவு வராத தேக்கைத் தொடக்கூடாது என்பது பின்னாளில் நிலைத்த கணக்கு. மலையில் மூங்கிலை வெட்டி எரித்து நெல் விதைத்த கரேன் விவசாயிகளை, நெல்லோடு தேக்கையும் ஊன்ற வைத்ததும் அவர்தான். ஓரிரு போகம் எடுத்துவிட்டு அவர்கள் அடுத்த இடத்துக்குப் போவார்கள், தேக்கு நிற்கும். பிழைத்த கன்றுக்குக் கூலி உண்டு. மரம் மட்டும் சர்க்காருடையது. நட்டவருக்கு மரத்தில் பங்கில்லை என்ற அந்த ஏற்பாட்டை நியாயம் என்று சொல்ல முடியாது.

தேக்குக்காகச் சண்டையும் நடந்தது. பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி கணக்கில் காட்டாமல் மரம் எடுத்ததாக திபோ மன்னரின் அரசு அபராதம் போட்டது. அதைச் சாக்காக வைத்து 1885-ல் ஆங்கிலேயர் மாண்டலேயைப் பிடித்தார்கள். மன்னரை ரத்னகிரிக்கு நாடு கடத்தினார்கள்.

செட்டிநாட்டுத் தூணுக்கு மரம் வந்தது மலையிலிருந்து. காசு வந்ததில் பெரும்பங்கு ஐராவதி வண்டலில் விளைந்த நெல்லிலிருந்து. நகரத்தார் அங்கே சாகுபடிக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-களில் நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்பர்மா நெல் நிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்துவிட்டது. நிலம் இழந்த பர்மிய விவசாயியின் கசப்பும் அந்த வீடுகளோடு சேர்ந்த கதைதான்.

மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்தியது. அறுத்த மரம் மட்டும் போகலாம். 2016-ல் நாடு முழுக்க ஓராண்டும் பெகு யோமாவில் பத்தாண்டும் வெட்டத் தடை வந்தது. இப்போது இந்தியாவுக்குக் கன்டெய்னரில் வரும் தேக்கில் ஈக்வடார், பனாமா, கோஸ்டாரிகா, கானா தோட்ட மரங்கள் ஏராளம். இவை இளம் மரங்கள். வெளுப்பு அதிகம், வைரம் குறைவு. நம் வரப்புத் தேக்குக்குச் சந்தையில் போட்டி இவைதான்.

"பர்மா தேக்குக் கன்று எங்கே கிடைக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பர்மா தேக்கு தனி இனம் அல்ல. நிலம்பூரிலும் ஆனைமலையிலும் நிற்கும் அதே மரம்தான். வித்தியாசத்தில் பெரும்பங்கு வயதினுடையது.

இந்த வியாபாரம் விட்டுச்சென்ற ஒன்று நம் ஊர் மர வியாபாரி கையிலும் இருக்கிறது: ஹாப்பஸ் கணக்கு. பர்மா தேக்கு கப்பலேறியது இந்த அளவில்தான். நடுச்சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. 4 அடிச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி வரும். உண்மையில் அந்த உருளையில் இருப்பது 12.7 கன அடி. அறுக்கும்போது சேதாரம் போகும் என்பதற்கான தள்ளுபடி இது. இதற்கு மேலும் 'சேதாரம்' என்று கழிக்க வந்தால், ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழிந்துவிட்டது என்று எடுத்துச் சொல்லலாம். சுற்றளவு எடுப்பது பட்டையோடா, பட்டை உரித்தா என்பதையும் விலை பேசும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.