கோசாபா: விறகில் எரிந்த விளக்கு

சுந்தரவனத் தீவு ஒன்று மரத்தை எரித்து மின்சாரம் தயாரித்தது. ஊரில் வெளிச்சம் வந்தது. மரக் கணக்குதான் இன்னும் தீரவில்லை.

கொல்கத்தாவின் சியால்தா நிலையத்தில் கானிங் ரயிலைப் பிடித்தால், வழியெல்லாம் நிலம் குறைந்து தண்ணீர் கூடிக்கொண்டே போகும். கானிங்கில் இறங்கி மாத்லா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் சாலை கோத்காலியில் முடிந்துவிடுகிறது. அக்கரையில் கோசாபா. அரிசி, சிமெண்ட், மாத்திரை, மணப்பெண் என்று எதுவானாலும் இந்தத் துறையில் படகேறித்தான் ஆக வேண்டும்.

டீசலும் அப்படித்தான் வந்தது. மின்கம்பி எட்டாத காலத்தில் கடைத்தெருவின் ஜெனரேட்டர்கள் மாலையில் உறுமத் தொடங்கும். எத்தனை பல்பு என்று எண்ணிக் காசு வாங்குவார்கள். கொஞ்ச நேரம் வெளிச்சம், பிறகு மண்ணெண்ணெய் விளக்கு. இந்திய சுந்தரவனத்தின் 102 தீவுகளில் மனிதர்கள் வசிப்பவை 54. பெரும்பாலானவற்றின் இரவு இப்படித்தான் கழிந்தது.

கோசாபா பரிசோதனைகளுக்குப் பழக்கப்பட்ட ஊர். ஸ்காட்லாந்துக்காரரான சர் டேனியல் ஹாமில்டன் 1903இல் இங்கே சுமார் 9,000 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். காட்டைத் திருத்திக் குடியேற்றினார், கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தார், 1936இல் சொந்தமாக ஒரு ரூபாய் நோட்டுகூட வெளியிட்டார். 1932 இறுதியில் தாகூர் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஹாமில்டனின் மரபங்களா இன்றும் நிற்கிறது.

அந்த மண்ணில் 1997 ஜூலையில் அடுத்த பரிசோதனை தொடங்கியது. மேற்கு வங்கத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி வளர்ச்சி முகமை, 500 கிலோவாட் திறனுள்ள மர எரிவாயு மின் நிலையத்தை நிறுவியது. தலா 100 கிலோவாட் வீதம் ஐந்து அலகுகள். நிர்வாகத்தில் ஊர்க்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் பங்கேற்றது. கடைகளுக்கும் வீடுகளுக்கும் இணைப்புகள் பெருகின. எரிசக்தித் துறையினர் கருத்தரங்குகளில் எடுத்துக்காட்டும் பெயராயிற்று கோசாபா.

செயல்முறை எளிது. விறகைத் துண்டு போட்டு உலர்த்தி, காற்றை அளவோடு விடும் உலையில் இடுவார்கள். கட்டை முழுதாக எரியாமல் புகைந்து கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாகும். அதைத் தண்ணீரில் கழுவிக் குளிரவைத்து, வடிகட்டி, டீசல் எஞ்சினுக்குள் அனுப்புவார்கள். ஆனால் இந்த வகை எஞ்சினில் பற்றவைக்கக் கொஞ்சம் டீசலும் வேண்டும். எனவே 'விறகு மின்சாரம்' என்று பெயர் எடுத்தாலும் டீசல் பீப்பாய் படகேறுவது நிற்கவில்லை. எண்ணிக்கைதான் குறைந்தது.

அந்தக் குறைவு அற்பமானதல்ல. டீசலில் மட்டும் ஓடும் சிறிய எஞ்சின் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.3 லிட்டர் குடிக்கும். மர வாயு சேர்ந்தால் 0.1 லிட்டர் போதும். கூடவே சுமார் ஒரு கிலோ விறகு. ஐந்து அலகுகளும் முழுத் திறனில் ஆறு மணி நேரம் ஓடினால் 3,000 யூனிட் கிடைக்கும். ஓர் இரவில் சுமார் 600 லிட்டர் டீசல் மிச்சம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும் என்பதால், 1.6 டன் வாயுவும் மிச்சம். வெட்டிய மரத்துக்கு ஈடாக மரம் வளர்ந்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும்.

சிக்கலும் அங்கேதான். அதே இரவில் உலை தின்னும் விறகு மூன்று டன். ஆண்டுக்கு ஆயிரம் டன். நல்ல நிலத்தில் வேகமாக வளரும் மரங்கள் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்குப் பத்து டன் உலர் விறகு தந்தால் பெரிய விஷயம். அப்படியானால் 100 ஹெக்டேர், அதாவது சுமார் 250 ஏக்கர் தோப்பு வேண்டும். கரையின் உயரத்தை நம்பி உயிர் வாழும் தீவில், மழையை நம்பி ஒருபோகம் நெல் விளையும் மண்ணில், 250 ஏக்கர் என்பது பல குடும்பங்களின் சோறு. ஆற்றோரச் சேற்றுத் திட்டுகளில் நடலாம் என்றால் அங்கே உப்புத் தாங்கும் மரம்தான் பிழைக்கும்.

தோப்பு பொய்த்தால் விறகு எங்கிருந்து வரும்? தீவின் வயல்களுக்கு அப்பால், ஆற்றின் மறுகரையில் நிற்பது புலிகள் காப்பகம். சுந்தரி, கரான், கேவ்ரா என்று அலையாத்தி மரங்கள் அடர்ந்த காடு. 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே மரம் வெட்டத் தடை உண்டு. ஆனால் தேனும் நண்டும் தேடிப் போகிறவர்கள் புலிக்கே அஞ்சாமல் போகிறார்கள். விறகுக்கு நிரந்தரமாக ஒரு விலை பிறந்துவிட்டால், அது எந்தத் தோட்டத்துக் கட்டை என்று உலை வாசலில் விசாரிப்பது சுலபமல்ல. புயலையும் அலையையும் முதலில் தாங்குவது அந்த அலையாத்திதான். அதன் வேரடிச் சேற்றில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கரிமம் கிடக்கிறது. அதை வெட்டி விளக்கேற்றினால் டீசலே தேவலை என்றாகிவிடும்.

இன்னொரு கணக்கு தண்ணீரில் இருக்கிறது. வாயுவைக் கழுவிய நீரில் தாரும் ஃபீனாலும் கலந்திருக்கும். பெரிய ஊரில் அதைச் சுத்திகரிக்கவும் வெளியேற்றவும் வழி தேடலாம். உப்பாறுகள் சூழ்ந்த தீவில் மழைநீர் தேங்கிய குளம்தான் குளிக்க, துவைக்க, மீன் வளர்க்க எல்லாவற்றுக்கும். கழுவுநீர் சுத்திகரிக்கப்படாமல் அதில் சேர்ந்தால் நஷ்டம் எந்த மின் கட்டணத்திலும் அடங்காது. குளம் கெட்டால் என்ன ஆகும் என்பதை 2009 மே 25 அன்று அய்லா புயல் காட்டியது. கரைகள் உடைந்து உப்புநீர் புகுந்ததில் வயல்களும் குளங்களும் பாழாயின. ஊர் தேறுவதற்கு ஆண்டுகள் பிடித்தன.

சுந்தரவனத்துக்கு வெளியேயும் இதே கதை வேறு வேடத்தில் நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போன ரீயூனியன் தீவில், 1990களில் கரும்புச் சக்கையும் நிலக்கரியும் எரிக்கும் மின் நிலையங்கள் வந்தன. அண்மை ஆண்டுகளில் நிலக்கரியைக் கைவிட்டார்கள். சக்கைக்குத் துணையாக இப்போது எரிவது பெரும்பாலும் கப்பலில் வரும் மரத்தூள் கட்டிகள். தீவில் புகை குறையலாம். மரம் வெட்டப்படுவது வேறு யாருடைய காட்டிலோ.

கோசாபாவின் விறகு உலைக்கு முடிவு கட்டியது மின்கம்பி. ஆற்றைக் கடந்து கம்பி வந்ததும் நாள் முழுவதும் மின்சாரம் கிடைக்க வழி பிறந்தது. மாலை நேர உலைக்கு வேலை போயிற்று. ஊருக்கு அதில் வருத்தமிருக்க நியாயமில்லை. ஆனால் மேற்கு வங்கத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. தீவின் விளக்குக்கான புகை தீவை விட்டுப் போயிருக்கிறதே தவிர, இல்லாமல் போகவில்லை. அந்தப் புகையால் சூடேறும் கடல்தான் கோசாபாவின் கரையில் வந்து மோதுகிறது.

கோசாபா பரிசோதனையைத் தோல்வி என்று ஒதுக்குவது அநியாயம். கம்பி வராத ஆண்டுகளில் அது கடைத்தெருவுக்கும் வீடுகளுக்கும் வெளிச்சம் கொடுத்தது, டீசலைக் குறைத்தது. உமி, தென்னை மட்டை என்று கழிவு உண்மையிலேயே மிஞ்சுகிற தீவுகளுக்கு அந்த உலை இன்றும் பொருந்தலாம். அப்படி ஓர் ஊர் அதை நிறுவ நினைத்தால், எஞ்சினுக்கு விலை கேட்பதற்கு முன் தோப்பை நட்டு வளர்த்துக் காட்ட வேண்டும். கழுவுநீருக்குத் தனித் தொட்டி கட்ட வேண்டும். இரண்டும் முடியாது என்றால், சாகர் தீவில் அதே முகமை 1990களிலேயே நிறுவத் தொடங்கிய சூரியப் பலகைகள் இருக்கின்றன. அவற்றுக்கு விறகும் வேண்டாம், குளமும் வேண்டாம்.